மறு: சப்வூஃபருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘சப்’ என்றால் துணை. ஆகவே ‘துணை ஒலிபெருக்கி’. இதில் என்ன சிக்கல் இருக்கப்போகிறது?

ஐயா, வணக்கம்.

சிக்கல் இருக்கிறது. சப்வூஃபர் என்பது மிகத் தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் பெட்டி. வீட்டுத் திரையரங்குக்குக் கருவிகள் தேர்ந்தெடுப்பது பற்றிய என் கட்டுரை வரைவில் உங்கள் சொல்லைத்தான் போட்டிருந்தேன். படித்த நண்பர் கேட்டார்: “துணைதானே, மற்ற ஐந்து ஒலிபெருக்கிப் பெட்டியை மட்டும் இப்போது வாங்கிவிட்டு இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?” அவர் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர் பார்த்துவைத்திருந்தவை அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டிகள். அடித்தொனியை எழுப்ப அவற்றுக்குத் தெம்பு கிடையாது. படத்தில் இடி இடித்தால் தகரத்தைத் தட்டியது போலக் கேட்கும்.

சப்-இன்ஸ்பெக்டரில் வரும் சப் வேறு, சப்மரீனில் வரும் சப் வேறு. இங்கே இருப்பது இரண்டாவது. தாழ்ந்த ஒலிக்கான வூஃபர் எட்டும் ஒலிக்கும் கீழே, 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வு) பக்கம்வரை இறங்குவது என்று பொருள்.

‘ஒலிபெருக்கி’யும் ஒரு தொல்லைதான். உண்மையில் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர், பாடநூல்களில் அதற்குப் ‘பெருக்கி’ என்றே பெயர். பெரும்பாலான சப்வூஃபர்களுக்குள் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே வருகிறது. அதை விவரிக்கப்போய் ‘பெருக்கி உள்ளமைந்த துணை ஒலிபெருக்கி’ என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். சரி, ஒலிபெருக்கி வேரூன்றிய சொல், அதை அசைக்க வேண்டாம்.

என் பரிந்துரை வேறு. வூஃபர் நாயின் குரலிலிருந்தும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர் பறவையின் குரலிலிருந்தும் வந்த பெயர்கள். நாய் உறுமும், குருவி கீச்சிடும். அப்படியானால் உறுமி, கீச்சி. சப்வூஃபர், ஆழ்கடல் போல, ஆழுறுமி. ‘அடியுறுமி’ என்றும் யோசித்தேன். உறுமியை அடிக்கச் சொல்வது போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

நாற்புறமிருந்தும் கேட்கும் சரவுண்டுக்கு ‘சூழொலி’ போதும். ‘சுற்றொலி’ என்றால் மின்சுற்று நினைவுக்கு வந்து குழப்பும்.

---

> உறுமி, கீச்சி, ஆழுறுமி

கீச்சி அருமை. ஆனால் உறுமி என்று ஒரு தோற்கருவி ஏற்கெனவே இருக்கிறதே! இசைக் கட்டுரை ஒன்றில் இரண்டும் வந்தால் என்ன செய்வீர்கள்? தமிழிசையில் கீழ்ச்சுருதிக்கு ‘மெலிவு’ என்று பழஞ்சொல்லே உண்டு. ‘மெலிவொலிப்பான்’ எனலாமே?

அப்புறம், மற்றப் பெட்டிகளிடமிருந்து சப்வூஃபர் ஒலியை ஏற்கும் இடமான கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சியை உங்கள் வரைவில் ‘வெட்டு அதிர்வெண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியா?

---

தோற்கருவி உறுமியை மறக்கவில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அது எழுப்பும் ஒலியும் உறுமல்தான். ஒரே குணத்துக்கு ஒரே பெயர், இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். மெலிவு நல்ல சொல்தான், ஆனால் இன்றைய வாசகருக்கு மெலிவு என்றால் இளைப்பு. சுவரை அதிரவைக்கும் பெட்டிக்கு அது பொருந்தாது.

‘வெட்டு’ விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே எதுவும் வெட்டுப்படுவதில்லை. பரவலாக வைக்கும் 80 ஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போகப்போக முன்பெட்டிகள் படிப்படியாக அடங்கும், ஆழுறுமி எழும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் இடம் அது. ‘கைமாற்று அதிர்வெண்’ என்று வைக்க ஆசைதான், ஆனால் யாராவது வட்டி கேட்பார்கள். ‘சந்தி அதிர்வெண்’ எப்படி? இரண்டு ஒலி கூடும் இடம் சந்தி, இலக்கணத்திலும் அப்படித்தானே.

80 ஏன் என்றும் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கிறேன். அந்த ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். அதற்குக் கீழே இறங்கினால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம். பேச்சொலியின் திசையோ எளிதில் பிடிபடும். அதனால்தான் வசனம் பேசும் நடுப்பெட்டி திரையை ஒட்டியே இருக்க வேண்டும், ஆழுறுமியை மட்டும் இடம் மாற்றிப் பார்க்கலாம். மூலையில் வைத்தால் குமுறல் கூடும், சில சமயம் அளவுக்கு மீறியும்.

ஒலிபெருக்கிகளையெல்லாம் இணைக்கும் ஏவி ரிசீவருக்கு ‘அலைவாங்கி’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். வானொலிக் காலத்துப் பெயர் அது. இன்று அந்தப் பெட்டியின் முக்கிய வேலை குறியீடாக வரும் ஒலியைக் குறிவிலக்குவது, பெருக்குவது, பெட்டிகளுக்குப் பங்கிட்டு அனுப்புவது. வேறு சொல் கிடைக்கும்வரை ‘ரிசீவர்’ என்றே விட்டுவைக்கிறேன்.