அம்மாவின் இறுதிக்கிரியையில் என்ன படிப்பது, என்ன பாட்டுப் போடுவது?

கொய்யாமரம்:

அம்மா போன சனிக்கிழமை தவறிவிட்டார், 81 வயது. நாங்கள் லண்டனில் இருக்கிறோம், அடுத்த வியாழன் தகனம். முதலில் மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் கிரியை, பிறகு கிரெமற்றோரியத்தில் 45 நிமிடம், அந்த 45இல் ஆட்கள் உள்ளே போய் வெளியே வருவதும் அடக்கமாம். கிரியை தொடர்பானதை ஐயர் பார்த்துக்கொள்வார். மிச்சம் எல்லாம் எங்கள் தலையில்: யார் என்ன படிப்பது, பேரப்பிள்ளைகள் என்ன வாசிப்பது, பெட்டி உள்ளே போகும்போது என்ன பாட்டு.

கனடாவில் இருக்கும் அண்ணா சிவபுராணம் முழுக்கப் படிக்க வேண்டும், சினிமாப் பாட்டு என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று ஒரே பிடியில் நிற்கிறார். ஆனால் அம்மா கோயிலுக்கு வெளியே தேவாரம் படித்து நான் கேட்டதே இல்லை. இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டுப் பாடமான சுசீலா பாட்டுகள்தான் கடைசிவரை வாயில் இருந்தன, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாதி இரத்த அழுத்தம் பார்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மூன்று பேருக்கும் தமிழ் விளங்கும், வாசிக்க வராது. இதைச் செய்த யாராவது இருந்தால் சொல்லுங்கள், பியூனரல் டிரக்டர் பாட்டுப் பட்டியலைத் திங்களுக்குள் கேட்கிறார்.

வடலிக்கரை:

ஆழ்ந்த அனுதாபங்கள். நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்குச் செய்தபோது பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன். நீளமானது எல்லாவற்றையும் மண்டபத்தில் முடித்துவிடுங்கள். சிவபுராணம் 95 அடி, மூச்சு வாங்கிப் படித்தால் ஏழெட்டு நிமிடம் போகும், கிரெமற்றோரியத்தில் அது பெரிய துண்டு, மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றி வரும்போது அதைப் படித்தோம், சரியாகப் பொருந்தியது. (பந்தம் என்றாலும் மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை, பிள்ளைகள் பற்றரி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சித்தப்பாவுக்கு அது இன்றைக்கும் குறைதான்.)

பாட்டுப் போடுவதானால் ஒரு விஷயம். நாங்கள் படிவத்தில் "திருவாசகம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம். பெட்டி உள்ளே வருகிறது, ஸ்பீக்கரில் 2005இல் வந்த இளையராஜாவின் திருவாசகம், பெரிய வாத்தியக்குழுவோடு முழங்குகிறது! நல்ல இசைதான், நான் காரில் கேட்பதுதான், ஆனால் நாங்கள் எதிர்பார்த்தது ஒரு ஓதுவாரின் தனிக்குரல். பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பாடியவர் பெயர், நிமிடக்கணக்கு இரண்டையும் எழுதுங்கள், முடிந்தால் ஒலிக்கோப்பையே அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்ததா என்று ஒரு நாள் முன்பே போன் எடுத்துக் கேளுங்கள்.

பண்ணாசிரியர்:

பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான், பல செத்தவீடுகளில் படித்தும் இருக்கிறேன். மகளே, சுண்ணப்பாட்டை விட்டுவிடாதீர்கள். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம், "முத்துநல் தாமம்பூ மாலை தூக்கி" என்று தொடங்கும், மொத்தம் 20 பாட்டு. இறைவன் நீராடுவதற்காகப் பெண்கள் கூடி வாசனைப்பொடி இடிக்கும்போது பாடுகிற உற்சாகமான பாட்டு அது, வரிக்கு வரி உலக்கை விழுவது கேட்கும். அதைப் போய் நம் ஊரில் பிரேதத்துக்கு முன்னால் பாடுகிறோம், முதல்முறை கேட்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இறந்தவரைச் சிவமாக நினைத்து நீராட்டுகிறோம் என்று எடுத்துக்கொண்டால் விசித்திரம் போய்விடும். 20ஐயும் பாட வேண்டாம், ஆறேழு போதும். மோகன ராகத்தில் எல்லோருக்கும் வரும். "ஆடப்பொற் சுண்ணம் இடித்துநாமே" என்ற கடைசி அடியைச் சபையே சேர்ந்து சொல்லட்டும், ஒலிப்பதிவு வேண்டாம். சுருதி விலகினால் விலகட்டும், உங்கள் அம்மாவைத் தெரிந்த தொண்டைகள் பாட வேண்டும், அவ்வளவுதான்.

தாய்க்கு என்றால் பட்டினத்தாரை நினைக்காமல் இருக்க முடியாது. எல்லாவற்றையும் துறந்தவர் தாய்க்குக் கொள்ளிவைக்க மட்டும் வந்து நின்று பாடிய பத்துப் பாட்டு. வாய்க்கரிசி போடும் நேரத்துக்கு என்றே ஒன்று இருக்கிறது, "அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு" என்று வரும்: தேனே, திரவியமே, மானே என்று என்னை அழைத்த வாய்க்கு அரிசியா போடுவேன் என்று கேட்கிறார். தயவுசெய்து அதைப் பெற்ற பிள்ளைகள் யாரும் படிக்காதீர்கள். நன்றாகப் படிக்கக்கூடிய அண்ணன்மார் மூன்று பேர் இரண்டாம் அடியைத் தாண்ட முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மருமகனிடமோ அயலவரிடமோ கொடுங்கள்.

மணல்மேடு:

பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கவிதையைக் கொடுத்து வாசிக்கவைப்பதில் எனக்கு விருப்பமில்லை, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி ஆகிவிடுகிறது. எங்கள் அம்மம்மாவுக்கு மகன் குறள் ஒன்றைத்தான் சொன்னான், "உறங்குவது போலுஞ் சாக்காடு", 339. ஆங்கில எழுத்தில் எழுதி, மூன்று நாள் பல் விளக்கும்போது சொல்லிப் பழகினான். பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வசனம், தானே எழுதியது: மரணம் தூங்குகிற மாதிரி, பிறப்பு தூங்கி எழும்புகிற மாதிரி, அம்மம்மா மத்தியானத் தூக்கத்தில் யாரும் எழுப்பினால் ஏசுவா, அதனால் நாங்கள் எழுப்பவில்லை. சபை அழுதுகொண்டே சிரித்தது.

மூத்தவர் யாராவது பெரிதாக வாசிக்க ஆசைப்பட்டால் புறநானூறு 192 இருக்கிறது. "யாதும் ஊரே" என்ற முதல் வரி எல்லோருக்கும் தெரியும், சாவு புதிதல்ல என்று உள்ளே வருவது பலருக்குத் தெரியாது. ஜி.யு. போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் முழுவதும் தந்திருக்கிறார், ஆனால் மொழி பழையது, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாயில் ஒட்டாது.

வைகைக்கரை:

மதுரைப் பக்கத்திலிருந்து. பட்டியல் போட்டுப் பாட்டுத் தேர்ந்தெடுப்பதைப் படிக்கவே புதிதாக இருக்கிறது, இங்கே சங்கும் பறையும் ஒப்பாரியும் அதுவாகவே நடந்துவிடும், யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே பறை அடிக்க மாட்டீர்களா?

வடலிக்கரை:

@வைகைக்கரை ஊரில் அடித்தார்கள்தான். ஆனால் அடித்தவர்கள் விரும்பியா அடித்தார்கள், சாதி சொல்லிக் கூப்பிட்டதால்தானே? எங்கள் அப்பா அதனாலேயே வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இப்போது இளம் பிள்ளைகள் கலையாகப் பழகி மேடையில் அடிக்கிறார்கள், அது வேறு. அதைச் செத்தவீட்டுக்குக் கூப்பிடும் முன் அவர்களையே கேட்க வேண்டும்.

கொய்யாமரம், அந்த சுசீலா பாட்டை விட்டுவிடாதீர்கள். கிரியை தொடங்கும் முன் சனம் வந்து பார்த்துவிட்டுப் போகிற அரை மணித்தியாலம் இருக்கிறதே, அது ஐயருடைய நேரம் இல்லை, அதில் மெல்லிதாகப் போடுங்கள்.

கொய்யாமரம்:

எல்லோருக்கும் நன்றி, இரவு அண்ணாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். சிவபுராணத்தை நீங்களே தொடங்கிவையுங்கள் என்றதும் குரல் இளகிவிட்டது. ஸூமில் சேர்ந்து படித்தால் அவர் குரல் பின்தங்கி வரும், நேற்றுப் பரிசோதித்தோம், இரண்டு பேரும் ஆளுக்கொரு "நமச்சிவாய"வில் நின்றோம். அதனால் முதல் ஆறு அடி அவர் தனியே, பிறகு அவர் மைக்கை மூடுவார், நாங்கள் தொடர்வோம். சினிமாப் பாட்டு ஆட்கள் வந்துபோகும் நேரத்தில், மூன்றே மூன்று. "எனக்குத் தெரியாத மாதிரி இருந்துவிடுகிறேன்" என்றார், அது சம்மதம்தான். பெட்டி உள்ளே போகும்போது ஒன்றும் போடப் போவதில்லை, சுண்ணப்பாட்டின் கடைசிப் பாட்டை நாங்களே திரும்பப் பாடுகிறோம். வாய்க்கரிசிப் பாட்டு மச்சானிடம். சின்னவள் குறள் பழகுகிறாள், "சாக்காடு" இன்னும் "சாக்கடை" என்றுதான் வருகிறது.

இனி ஒன்றுதான் குறை. சுண்ணம் இடிக்க மாமியிடம் உரல் இருக்கிறது, உலக்கை இல்லை. ஹரோ, வெம்பிளிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் தனிமடலில் எழுதுங்கள், புதன் பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு வெள்ளி திருப்பித் தந்துவிடுவேன்.