பீரோ கண்ணாடிக்கு முன்னால் மீட்டிங்: ஆணி அடிக்காமல் பின்னணி அமைக்க வழி உண்டா?

உறையூர்க்காரி

திருச்சியில் வாடகை வீடு. மெடிக்கல் கோடிங் வேலை (நோயாளிகளின் சிகிச்சை விவரத்தைக் குறியீட்டு எண்களாக மாற்றுவது), மூன்று வருடமாக வீட்டிலிருந்துதான். மற்ற நாளெல்லாம் ஹெட்செட் இருந்தால் போதும். வியாழன் இரவு எட்டரைக்கு மட்டும் அமெரிக்க கிளையண்டோடு மீட்டிங், கேமரா போட்டே ஆக வேண்டும். அவர்களுக்கு அப்போது காலை பதினொன்று, பளிச்சென்று வந்து உட்கார்வார்கள். எனக்கோ மாவு அரைத்து வழித்துவிட்டு ஓடி வரும் நேரம்.

பிளக் பாயிண்ட், வைஃபை, சாத்தக்கூடிய கதவு மூன்றும் சேர்ந்து அமைந்தது ஒரே அறையில்தான். பத்துக்குப் பதினொன்று. எதிர்ச்சுவரைக் கட்டில் பிடித்துக்கொண்டது. நான் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ, அதில் ஆளுயரக் கண்ணாடி.

போன வியாழன் டீம் லீட் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினார்: "பின்னாடி கண்ணாடியில உங்க ஸ்கிரீன் தெரியுது." உள்ளங்கை வேர்த்துவிட்டது. நோயாளி விவரம் ஒரு வரி வெளியே போனாலும் எங்களுக்கு ஆபத்து. ஹிப்பா என்று 1996இல் அமெரிக்காவில் வந்த சட்டம், அதற்கு வருடா வருடம் பரீட்சை எழுதிவிட்டு வேலை பார்க்கிறோம். நல்லவேளை, அப்போது திறந்திருந்தது மீட்டிங் மட்டும்தான். ஆனால் மேலே குர்தா, கீழே பூப்போட்ட நைட் பேண்ட்டோடு நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கோலமும் அதே கண்ணாடியில் தெரிந்திருக்கும். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

விர்ச்சுவல் பேக்ரவுண்ட் போட்டுப் பார்த்தேன். என்னுடையது பழைய ஐ3 லேப்டாப். போட்டதும் அதன் விசிறி மிக்ஸி மாதிரி சுற்றுகிறது, தலையைத் திருப்பினால் காது காணாமல் போகிறது, வைத்திருந்த மல்லிகைப்பூவை முழுசாகத் தின்றுவிட்டது. பிளர் போட்டால் கண்ணாடியில் என் உருவம் மங்கலாக அசைந்து, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார். செலவு ஆயிரத்துக்குள் முடிய வேண்டும். ஏதாவது வழி சொல்லுங்கள்.

வெட்டி ஆபீசர்

"நெட் ஸ்லோ, கேமரா ஆஃப் பண்ணிக்கிறேன்." செலவு பூஜ்யம்.

உறையூர்க்காரி

ஐயா, அந்த வசனத்தை ஏப்ரலிலேயே தீர்த்துவிட்டேன்.

படுதா ஸ்டுடியோ

தங்கச்சி, கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். சுவரில் மூன்று படுதா சுருட்டித் தொங்கும். ஒன்றில் ஊட்டி ஏரி, ஒன்றில் மாடிப்படியும் பூந்தொட்டியும், மூன்றாவது வெறும் சாம்பல் நிறம். கல்யாணம் ஆன ஜோடி ஊட்டியைக் கேட்பார்கள். முகம் நன்றாக விழுந்தது என்னவோ சாம்பலில்தான். எங்கள் தொழிலில் கண்ணாடியும் ஒரு தலைவலி, அதனால் உங்கள் பிரச்சினை எனக்குப் புதிதில்லை.

ஆணியே வேண்டாம். பீரோ மேலே எப்படியும் சூட்கேஸ் இருக்கும். இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஒரு பழைய காட்டன் புடவையை எடுங்கள். ஐந்தரை மீட்டரை இரண்டாக மடித்தால் இரண்டே முக்கால். முனையைச் சூட்கேஸுக்கு அடியில் சொருகி மீதியை முன்பக்கம் தொங்கவிட்டால், ஆறரை அடி பீரோவை மூடித் தரையையும் தொடும். புடவை அகலம் நான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், உங்கள் பீரோவுக்குத் தாராளம். இரட்டையாக மடித்திருப்பதால் கண்ணாடியின் பளபளப்பும் ஊடுருவாது. பீரோ இரும்பு, அதனால் ஓரங்களில் காந்தம் வையுங்கள். பிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தம் இரட்டைத் துணியில் வழுக்கிவிடும். ஹார்டுவேர் கடையில் சின்ன வட்டக் காந்தம் கேளுங்கள், சட்டைப் பித்தான் அளவில் இருக்கும், பிடித்தால் பிடித்ததுதான். விரலை நசுக்கிக்கொள்ளாதீர்கள்.

புடவையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெள்ளை வேண்டாம். கேமரா மொத்த வெளிச்சத்தையும் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பின்னால் வெள்ளை இருந்தால் ரொம்ப வெளிச்சம் என்று நினைத்துக் குறைத்துவிடும், நம் முகம் கருத்துப்போகும். கறுப்பும் வேண்டாம், கூந்தல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இடைப்பட்ட நிறம் நல்லது: அரக்கு, மயில் கழுத்து, இலைப்பச்சை. ஜரிகை மினுங்கும். பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் அலையலையாக ஓடும். ஒரு தடவை பட்டுப் பத்தமடைப் பாயைப் பின்னால் மாட்டிப் படம் எடுத்தேன். கைக்கு அவ்வளவு நேர்த்தியான பாய், திரையில் பார்த்தால் புழு நெளிகிற மாதிரி. சாதாரண கோரைப்பாய் அந்த வம்பு பண்ணவில்லை.

அப்புறம், துணியில் ஒட்டி உட்காராதீர்கள். மூன்று அடியாவது முன்னால் தள்ளி உட்கார்ந்தால் நிழல் துணியில் விழாமல் தரையில் விழும், சுருக்கமும் கண்ணில் படாது. இஸ்திரி போட்டால் நல்லதுதான், சோம்பலாக இருந்தால் இந்த மூன்று அடி போதும்.

புள்ளிக்கணக்கு டீச்சர்

நான் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மறைப்பதை விட, பார்க்க ஏதாவது கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. மூன்றடிக்கு மூன்றடி பிளைவுட் பலகையில் பிளாக்போர்டு பெயிண்ட் இரண்டு கை அடித்து ஸ்டூல் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் அதில் சாக்பீஸால் சிக்குக் கோலம். ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி நான்கு வரை. மொத்தம் எத்தனை புள்ளி என்பதுதான் அன்றைய முதல் கேள்வி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எண்ணவே இல்லை. நாலு, அஞ்சு, ஆறைக் கூட்டி இரட்டித்து, நடுவில் ஏழைச் சேர்த்து முப்பத்தேழு என்றான்.

கோலத்தில் இன்னொரு வசதி. நம் திரையில் நம்மைக் கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றித்தான் காட்டும். பின்னால் எழுத்து இருந்தால் இடவலம் மாறித் தெரிகிறதே என்று பதறுவோம். எதிரில் இருப்பவருக்கு நேராகத்தான் தெரியும். கோலத்துக்கு அந்தக் குழப்பமே இல்லை.

சோக் மாற்றியவன்

யாரும் லைட்டைப் பற்றிப் பேசவில்லையே. இரவு மீட்டிங் என்கிறீர்கள், டியூப் லைட் எங்கே இருக்கிறது? பீரோவுக்கு மேலே என்றால் எந்தப் புடவை கட்டினாலும் முகம் இருட்டுத்தான். ஒரு டேபிள் லேம்பை உங்களுக்கு எதிரில் சுவரைப் பார்த்துத் திருப்பி, அங்கே வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். திரும்பி வரும் வெளிச்சம் மெத்தென்று முகத்தில் விழும். ரிங் லைட் வாங்காதீர்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் இரண்டு கண்ணிலும் இரண்டு வளையம் தெரியும்.

பழைய சோக் டியூப் என்றால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் நொடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. கேமரா செட்டிங்கில் பிளிக்கர் என்று ஒன்று இருக்கும். அது 60இல் இருந்தால் 50க்கு மாற்றுங்கள். அடியில் நான்கு தடிப் புத்தகம் வைத்து லேப்டாப்பை உயர்த்துங்கள். இல்லையென்றால் கிளையண்ட் பார்ப்பது உங்கள் மூக்குத் துவாரத்தையும் சீலிங் ஃபேனையும்தான்.

வெட்டி ஆபீசர்

இவ்வளவு செய்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்துவிடாதீர்கள். 2017 மார்ச்சில் தென் கொரியாவின் பூசானில் வீட்டிலிருந்தே பிபிசி நேரலையில் பேசிய பேராசிரியர் ராபர்ட் கெல்லி மறந்தது அதைத்தான். பின்னால் புத்தகம், உலக வரைபடம் எல்லாம் பிரமாதமாக இருந்தது. மகள் ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள், குழந்தை வாக்கரில் பின்னாலேயே வந்தது. அந்த வரைபடம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

உறையூர்க்காரி

தாழ்ப்பாள் போட்டேன். இந்த வியாழன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் புடவைகளில் பாதி சிந்தெட்டிக், மீதியில் ஜரிகை. கடைசியில் மாமியாரின் அரக்கு நிறச் சுங்குடியை எடுத்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. சூட்கேஸ் யோசனை அப்படியே பலித்தது. காந்தம் எட்டு வாங்கினேன், நூற்றறுபது ரூபாய். ஒன்று விரலை நசுக்கியது, சொன்ன பிறகும். சார்ட் பேப்பர் பத்து ரூபாய். டேபிள் லேம்ப் பையனுடையது. லேப்டாப்புக்கு அடியில் கோடிங் புத்தகங்கள், முதல் தடவையாக நல்ல காரியத்துக்குப் பயன்பட்டன.

மீட்டிங் முடியும்போது கிளையண்ட் பக்கத்து அம்மா ஒருவர் பின்னால் இருக்கும் புள்ளிகள் என்ன என்று கேட்டார். மதுரைச் சுங்குடி, துணியைப் பொட்டுப் பொட்டாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சுக்குள் சாயம் போகாததால் அவிழ்த்ததும் அந்த இடம் வெள்ளையாக நிற்கும் என்றேன். கையாலா, ஒவ்வொன்றாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டீம் லீட் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல யோசனை பிடித்திருக்கிறது டீச்சர், ஆனால் பலகை வைக்க இந்த அறையில் இடமில்லை.

ஒரே சிக்கல். இது எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த மாமியார், என் புடவை எப்போது திரும்ப வரும் என்கிறார். சமயபுரம் போகும்போது அதைத்தான் கட்டுவாராம். பதிலுக்குப் பச்சையில் ஒன்று தருகிறார், நல்ல காட்டன், ஆனால் பொடிக் கட்டம். கேமராவில் அலையலையாக ஓடுமா அண்ணா?

படுதா ஸ்டுடியோ

ஓடும். புடவையைத் திருப்பி உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி போட்டுப் பாருங்கள், சில காட்டனில் உள்பக்கம் கட்டம் மங்கலாக இருக்கும். அப்படியும் ஓடினால் நாற்காலியை இன்னும் ஒரு அடி முன்னால் இழுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், வியாழக்கிழமைகளில் சமயபுரம் வேண்டாம் என்று மாமியாரிடம் பேசிப் பார்க்க வேண்டியதுதான்.