இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பலாமா?

கடலூரில் தென்பெண்ணைக் கரைப் பக்கம் அப்பாவுக்கு மளிகைக் கடை. 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் சரக்கெல்லாம் போனது, இன்சூரன்ஸில் கேட்டதில் பாதிகூடத் தேறவில்லை. இப்போது ஒருவர், 25 சதவீதம் கொடுத்தால் முழுசா வாங்கித் தருகிறேன், லைசென்ஸ் இருக்கிறது என்கிறார். எனக்குத் தெரிந்து இங்கே ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) லைசென்ஸ் தருவது சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்குத்தான், பாலிசிதாரர் பக்கம் நின்று பேசுபவருக்கு இல்லை; ஃப்ளோரிடாவில் இருக்கும் சித்தப்பா மகன், அங்கே மாநில அரசே அப்படிப் பாலிசிதாரருக்காகப் பேசும் பப்ளிக் அட்ஜஸ்டருக்கு லைசென்ஸ் கொடுத்து, கட்டணத்துக்கும் 20 சதவீதம், பேரிடர் என்றால் முதல் வருடம் 10 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது என்கிறான். இவரிடம் எந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்ப்பது? இல்லை, பேசாமல் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடமே போய்விடலாமா? கட்டணம் இல்லை, வக்கீலும் வைக்க முடியாது (அப்பா பேசினால் சண்டைதான் வரும், அது வேறு). போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.