எழுதுறவங்க கை, கண், காசு: சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் வேலை பார்த்துக்கிட்டே கதை எழுதுற சில பேரு, உடம்பையும் காசையும் எப்படிக் காப்பாத்திக்கிறதுன்னு புனைபேருல பேசிக்கிட்டது இது.

லயத்துக் கடைசி வீடு:
வேலைக்குப் போய்க்கிட்டே எழுதுறவங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு நேரம்தான். ஞாயித்துக்கிழமை காலை, இல்லாட்டி வேலை விட்டு வந்த சாயங்காலம். டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு மும்முரமா கடிக்கிற நேரமும் அதுவேதான், விடிஞ்ச பிறகும் பொழுது சாயுறதுக்கு முன்னேயும். மேசைக்கு அடியில நிழல், அசையாத ரெண்டு கால், அதுக்கு வேற என்ன வேணும்? மேசைக் காத்தாடியை முகத்துக்கு வைக்காம கீழே இறக்கி, காலைப் பார்த்துத் திருப்பிடுங்க. கொசுவால காத்தை எதிர்த்துப் பறக்க முடியாது. ரப்பர் பால் எடுக்காம விட்ட தோட்டத்துல, மரத்துல பால் பிடிக்கிற மங்கு கவிழ்க்காம கிடந்தா மழைத் தண்ணி நின்னு அதுலயே முட்டை போடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அதனால வாரம் ஒருக்கா கவிழ்த்தா போதும், தினம் ஓட வேண்டாம்.

நாற்காலி:
அண்ணே, கொசு விரட்டுறது சரி, உட்காருற உயரத்தையும் பாருங்க. நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர், பிளாஸ்டிக் நாற்காலி 43, 45. குள்ளமானவங்களுக்கு மேசை மட்டம் முழங்கைக்கு மேல போயிடும். தோள் தூக்கியே இருக்கும், மணிக்கட்டு மேசை விளிம்புல அழுந்தும். ஒரு கெட்டி மெத்தையைப் போட்டு 5, 6 சென்டிமீட்டர் உயர்த்துங்க. அப்ப கால் தொங்கும், பழைய பத்திரிகைக் கட்டு ரெண்டு காலடியில வச்சா சரியாயிடும்.

மரத்துப் போறது எந்த விரல்னு கவனிக்கணும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல்னா மணிக்கட்டு நரம்பு. ராத்திரியில கூடும். மணிக்கட்டை நேரா நிறுத்துற பட்டை கட்டிப் படுத்தா நிறைய பேருக்கு அடங்கும். சுண்டு விரலும் அதுக்கு அடுத்ததும்னா கோளாறு முழங்கையில. படுத்துக்கிட்டு, முழங்கையை மடக்கிக் கைப்பேசியைப் பிடிச்சு கதை எழுதுறவங்களுக்கு வர்றது இது. அதுக்கு மணிக்கட்டுப் பட்டை வாங்குறது வீண் காசு.

தமிழ்99 கட்சி:
கணினியில தமிழ் தட்டுற விசை எண்ணிக்கையைக் குறைச்சாலே கைக்குப் பாதி நிம்மதி. ‘வணக்கம்’ எழுத, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்குற அஞ்சல் முறையில 8 விசை, நடுவுல ணகரத்துக்கு ஷிஃப்ட் வேற. தமிழ் எழுத்துக்கே தனித்தனி விசை வச்ச தமிழ்99ல வ, ண, க, க, ம, புள்ளி, மொத்தம் 6. ஒரே மெய்யை ரெண்டு தரம் தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். ஷிஃப்ட் அனேகமா வேண்டாம். முரசு அஞ்சல் மென்பொருள் 1985ல நம்ம நாட்டுல பிறந்தது, அதை விட்டுக்கொடுக்க மனசு வராதுதான். ஆனா அதுலயே தமிழ்99ஐயும் தேர்வு பண்ணலாம். ஒண்ணு, பழகுற வரைக்கும் வேகம் படுத்துடும். போட்டிக்குக் கதை அனுப்புற வாரத்துல மாத்தாதீங்க.

தே ஓ கோசோங்:
எழுதுறவனைக் கெடுக்குறது நாற்காலியை விட ஒட்டுக்கடைன்னு சொல்வேன், அதான் தெருவோரத் தேத்தண்ணிக் கடை. ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறத்தாழ 20 கிராம், அதுல பாதிக்கு மேல சீனி. தே தாரே, அதாவது இழுத்து ஆத்துற பால் தேத்தண்ணி, ஒரு கிளாசுக்கு ஒரு கரண்டியோட நிக்காது. ‘குராங் மானிஸ்’னு, இனிப்பு குறைச்சுக் கேட்டா கடைக்காரர் கையளவுதான் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ‘தே ஓ கோசோங்’னு சொன்னா பாலும் இல்ல, சீனியும் இல்ல, சந்தேகமே இல்ல. தேத்தண்ணி குடிச்சு 5 மணி நேரம் ஆனாலும் கஃபீன்ல பாதி உடம்புலயே இருக்கும். ராத்திரி ஒம்பது மணி கிளாசு தூக்கத்தைத்தான் தின்னும்.

2023 தேசிய உடல்நல ஆய்வுப்படி இந்த நாட்டுல பெரியவங்க 6 பேருல ஒருத்தருக்கு நீரிழிவு. எழுத்து திடீர்னு மங்கலாத் தெரிஞ்சா நேரா கண்ணாடிக் கடைக்குப் போயிடாதீங்க. ரத்தத்துல சீனி ஏறி இறங்கும்போது கண் வில்லையும் மாறும். அன்னிக்கு எடுத்த அளவு, சீனி கட்டுக்குள்ள வந்த பிறகு பொருந்தாது. அரசாங்கக் கிளினிக்ல நம்ம குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். முதல்ல அங்க சீனி பார்த்துட்டு அப்புறம் கண்ணாடி.

அச்சுக்குப் போனவர்:
காசு விஷயம் யாரும் பேசலையே. 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் நாளிதழே 2019ல நின்னு போச்சு, அதனால பத்திரிகை வருமானத்தை நம்பி வேலையை விடுறது நமக்குச் சரிவராது. சொந்தமா புத்தகம் போடுறவங்க கவனிங்க. ஐஎஸ்பிஎன்னுங்கிற புத்தக அடையாள எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாத் தருது, அதுக்குன்னு யாராவது தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க. 1986 சட்டப்படி புத்தகம் வெளிவந்து ஒரு மாசத்துக்குள்ள 5 பிரதி அந்த நூலகத்துக்குப் போகணும். அச்சடிக்கும்போதே அந்த அஞ்சை ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்துக்கு விலைக் கணக்குப் போடுங்க. எழுதினவருடைய உரிமை ஆயுசுக்கும், அதுக்கப்புறம் 50 வருஷமும் நிக்கும். எழுத்து மூலமா கொடுத்தாத்தான் கை மாறும், அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னே தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து படிங்க.

லயத்துக் கடைசி வீடு:
ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் சாயங்கால இடிக்கு கணினி வயரை மட்டும் புடுங்கினா பத்தாது. இணையப் பெட்டிக்கு வர்ற தொலைபேசி வயரையும் கழட்டணும், மின்னல் அது வழியாவும் உள்ளே வரும். பழைய எழுத்துருவுல கிடக்கிற கதைகளை எல்லாக் கணினியும் படிக்கிற யூனிகோடுக்கு இப்பவே மாத்தி ரெண்டு இடத்துல வைங்க. அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா வெறும் கிறுக்கல்தான் தெரியும். கையெழுத்துப் பிரதி வச்ச அலமாரியைச் சுவரோட ஒட்டாம நாலு விரல் தள்ளி வைங்க. பூஞ்சணம் பிடிக்கிறது முதுகுப் பக்கத்துலதான்.