பழைய பெஜோவை ஒற்றை கியராக மாற்றினேன், செயின் நிற்க மாட்டேன் என்கிறது. உதவுங்கள்

புதுவைவாசி:
ஆரோவில்லில் இருந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பழைய பெஜோ ரோடு சைக்கிள் வாங்கினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது என்றார். ஸ்டீல் ஃபிரேம், முன்னால் 52 பல், 42 பல் என இரண்டு செயின் வீல், பின்னால் ஆறு கியர். கியர் மாற்றும் பின் டிரெய்லியர் உடைந்து தொங்கிக்கொண்டிருந்ததால் கியரே வேண்டாம் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தெருமுனைக் கடையில் சாதாரண 18 பல் ஃப்ரீவீல் மாட்டி, சாதாரண சைக்கிள் செயினைப் போட்டேன். முன்னால் 52 மட்டும்தான் இருக்கிறது, 42-ஐக் கழற்றிவிட்டேன். இப்போது எழுந்து நின்று மிதித்தால் செயின் கழன்று விழுகிறது. நேற்று ஈசிஆரில் மூன்று முறை. கை முழுக்கக் கறுப்பு. செயினை இன்னும் இறுக்கினால் சரியாகுமா, இல்லை செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் வாங்க வேண்டுமா?

கோட்டம்எடுப்பவன்:
டென்ஷனர் வேண்டாம். அந்தக் கால ஃபிரேமில் பின் ஆக்சில் உட்காரும் பிளவு சாய்வாக, நீளமாக இருக்கும், சக்கரத்தைப் பின்னால் இழுத்தாலே செயின் இறுகிவிடும். நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் மொத்தம் அரை இன்ச் ஆட வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் ஹப்பும் (சக்கரத்தின் நடு உருளை) பி.பி.யும் (பெடல் அச்சு சுற்றும் பாகம்) தேய்ந்து போகும்.

உங்கள் பிரச்சினை வேறு என்று நினைக்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபிரேமின் நடுவில் இருந்து செயின் வீல் பல் வரை எத்தனை மில்லி, பின்னால் ஃப்ரீவீல் பல் வரை எத்தனை மில்லி என்று அளந்து போடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் செயின் கோணலாக ஓடும், ஒரு குலுக்கலில் கழன்றுவிடும்.

புதுவைவாசி:
அளந்தேன். முன்னால் 46, பின்னால் 39. ஏழு மில்லி வித்தியாசம்! கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது.

கோட்டம்எடுப்பவன்:
அதேதான். ஆறு கியர் ஹப்பில் ஒற்றை ஃப்ரீவீல் போட்டால் அது உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். 52-ஐக் கழற்றுங்கள், 42-ஐ அது பழையபடி இருந்த உள்பக்க இடத்திலேயே மாட்டுங்கள், அது நாலைந்து மில்லி உள்ளே வந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: பழைய போல்ட் இரண்டு செயின் வீலைப் பிடிக்க வந்தது, ஒன்றை மட்டும் வைத்தால் முடிய இறுக்கினாலும் லொடலொடவென்று ஆடும். குட்டை போல்ட் ஐந்து வாங்குங்கள், கிடைக்காவிட்டால் வெளியே இருந்த வீலின் பருமனுக்கு வாஷர் வையுங்கள். மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று மில்லியை ஆக்சில் வாஷரை இடம் மாற்றிச் சரி பண்ணலாம், அப்புறம் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர ஸ்போக்ஸைத் திரும்ப இழுக்க வேண்டும்.

தாத்தா_சைக்கிள்:
அதெல்லாம் சரி தம்பி, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த ஃப்ரீவீலை மாட்டும்போது எப்படி ஏறியது? கையாலேயே கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனதா?

புதுவைவாசி:
ஆமாம் அண்ணா, கடைக்காரர்கூட "நல்லா லூசாப் போவுது"ன்னு சொன்னார். கொஞ்சம் ஆடவும் செய்கிறது. புதுசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தாத்தா_சைக்கிள்:
இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். அந்தக் காலத்து பெஜோவில் பல வண்டிகள் பிரெஞ்சு மரையில் வந்தவை. நம் ஊர் ஃப்ரீவீல் 1.37 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 24 மரை. பிரெஞ்சு ஹப் 34.7 மில்லி, மரைக்கு மரை 1 மில்லி. விட்டத்தில் தலைமுடி அளவு வித்தியாசம்தான், ஆனால் நம் ஃப்ரீவீல் அதில் லூசாக ஏறி, ஒரு நாள் மேம்பாலத்தில் நீங்கள் ஏறி மிதிக்கும்போது மரையை மொத்தமாக வழித்துக்கொண்டு சுற்றும். கால் காற்றை மிதிக்கும், மூஞ்சி ரோட்டில்.

மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜ் வைத்திருக்கும் லேத்காரரிடம் ஹப்பைக் காட்டுங்கள், ஒரு நிமிட வேலை. பி.பி.யையும் பாருங்கள். பிரெஞ்சு என்றால் இரண்டு பக்கக் கப்பும் வலம் சுற்றினால் இறுகும். நம் ஊர் வண்டி மாதிரி நினைத்துக்கொண்டு வலது கப்பைத் தவறான பக்கம் திருப்பி மரையைக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நானே.

வேகம்குறையாதவன்:
ப்ரோ, ஃப்ரீவீலே வேண்டாம், அந்த ஹப்பிலேயே பெடலோட சேர்ந்தே சுத்துற ஃபிக்ஸ்டு பல்சக்கரம் போட்டு பிரேக்கையும் கழற்றிடுங்க, வண்டி செம லுக்கா இருக்கும்.

தாத்தா_சைக்கிள்:
ஃப்ரீவீல் ஹப்பில், பல்சக்கரம் கழலாமல் பிடிக்கும் லாக்ரிங் போட மரை கிடையாது. காலால் பின்னால் அழுத்தி நிறுத்தப் பார்த்தால் பல்சக்கரம் கழன்று வரும், அதோடு பிரேக்கும் இல்லை. லுக் எப்படி இருந்தால் என்ன.

புதுவைவாசி:
லேத்தில் காட்டினேன். பிரெஞ்சு மரைதான். ஹப்பில் முதல் இரண்டு மரை ஏற்கனவே மழுங்கிவிட்டது, ஃப்ரீவீலுக்குள் அலுமினியத் தூள் மினுமினுத்தது. இப்போது என்ன செய்வது?

கோட்டம்எடுப்பவன்:
ரிம்மை வைத்துக்கொண்டு ஹப்பை மாற்றுங்கள். முதலில் ரிம்மில் ஓட்டையை எண்ணுங்கள். 36 என்றால் 36 ஓட்டை ஹப்தான், நம் கறுப்பு சைக்கிளின் பின் ஹப்பில் 40 இருக்கும், அது சேராது. 120 மில்லி அகல ஒற்றை கியர் ஹப் ஆன்லைனில் கிடைக்கும். உங்கள் ஃபிரேமில் பின்சக்கர இடைவெளி 126, இரண்டு பக்கமும் 3 மில்லி வாஷர். பல் நடுவில் இருந்து 42 மில்லியில் வரும், உங்கள் உள்பக்கச் செயின் வீலுக்கு ஏறக்குறைய நேர். நட்டு போட்ட ஆக்சில் என்பதால் மிதிக்கும்போது சக்கரம் முன்னால் நழுவாது. ஸ்போக்ஸ் நீளத்தை ஹப் வந்த பிறகு கணக்குப் போடுங்கள்.

புதுவைவாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஹப் வந்தது, ஸ்போக்ஸ் கட்டி பெண்டு எடுத்தாயிற்று. முன்னால் 42 பல், பின்னால் 18 பல், நடுவில் இருந்து அளவு முன்னால் 41 மில்லி, பின்னால் 42 மில்லி. நேற்று கடலூர் ரோட்டில் முப்பது கிலோமீட்டர், செயின் ஒருமுறைகூட விழவில்லை. எதிர்க்காற்றில்கூட 18 பல் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது, 16 போடலாமா என்று யோசனை. மிதிக்கும்போது ஒரே இடத்தில் செயின் இறுகித் தளர்கிறது, இது எதனால்?

கோட்டம்எடுப்பவன்:
செயின் வீல் மையத்தில் உட்காரவில்லை. ஐந்து போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, செயின் இறுகும் இடத்தில் நிறுத்தி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி, திரும்ப முடுக்குங்கள். 16 மாற்றும்போது செயினில் ஒரு கண்ணி எடுக்க வேண்டி வரலாம், எடுத்த கண்ணியைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த 52 செயின் வீல் சும்மா இருந்தால் எனக்குக் கொடுங்கள்.

புதுவைவாசி:
அதைச் சுவரில் மாட்டியாச்சு அண்ணா :)