தனியாகக் காரில் படூக்கா குவில்ட் வாரத்துக்குப் போகிறேன்: வழியில் எந்த வரலாற்று இடங்களைச் சேர்க்கலாம்?

நூற்கண்டு கேட்கிறார்:

வணக்கம். பல ஆண்டுகளாகக் குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து, அடுக்குகளாகச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்து வருகிறேன் என்றாலும், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள படூக்கா நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் நடக்கும் குவில்ட் வாரக் கண்காட்சியை இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் உடன் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் கைவிரித்துவிடுகிறார். ஆகவே இம்முறை தனியாகவே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று முடிவு செய்துவிட்டேன். கையில் ஒன்பது நாள்கள் இருக்கின்றன.

அவ்வளவு தொலைவு ஓட்டிச் சென்று கண்காட்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப எனக்கு மனமில்லை. லூயிவில் பக்கமிருந்து மாநிலத்துக்குள் நுழைவதால், லிங்கன் பிறந்த ஹாட்ஜன்வில்லை முதலில் குறித்துவைத்தேன். அதன்பின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களமான டோனல்சன் கோட்டை, அலபாமாவில் குவில்ட்களுக்குப் பெயர்போன ஜீஸ் பெண்ட், கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் நடந்த செல்மா, போதாததற்கு ஓஹையோவில் தானியக் கொட்டகைச் சுவர்களை அலங்கரிக்கும் குவில்ட் பலகைகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கண்காட்சிக்கு எத்தனை நாள் ஒதுக்குவது, பட்டியலில் எதை வெட்டுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். மாலை நேரங்களில் அறையில் உட்கார்ந்து தைப்பதற்காகப் பாதி முடிந்த கைத்தையல் வேலை ஒன்றையும் எடுத்துச் செல்ல எண்ணுகிறேன். இதே போன்ற பயணத்தைத் தனியாகச் செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மைல்கல்லின் பதில்:

முதலில் தங்குமிடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். படூக்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 27,000. கண்காட்சி நடக்கும் சில நாள்களில் ஏறக்குறைய இன்னொரு படூக்காவே அங்கு வந்து இறங்கிவிடுகிறது. இந்த ஆண்டுக் கண்காட்சி முடிந்து ஊர் திரும்புவதற்குள்ளாகவே அடுத்த ஆண்டுக்கான அறையைப் பதிவு செய்துவிடுபவர்கள் உண்டு. நகருக்குள் அறை கிடைக்காவிட்டால், ஓஹையோ ஆற்றைத் தாண்டி இல்லினாய் கரையில் இருக்கும் மெட்ரோபொலிஸில் தேடுங்கள். பாலத்தைக் கடந்தால் படூக்கா வந்துவிடும்.

ஹாட்ஜன்வில்லுக்கு இரண்டு மணி நேரம் போதும். கிரானைட் நினைவு மண்டபத்துக்கு ஏறும் 56 படிகள் லிங்கன் வாழ்ந்த 56 ஆண்டுகளைக் குறிப்பவை. மண்டபத்துக்குள் காட்சியில் இருக்கும் மரக்குடில் அவர் பிறந்த குடிலே அன்று, அதன் அடையாளமாக வைக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. அங்கிருந்து படூக்கா ஏறத்தாழ 200 மைல். வழியில் நேர மண்டல எல்லையைக் கடப்பதால் உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மேற்கே போகும்போது இது மகிழ்ச்சியாக இருக்கும். அதே வழியில் திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தனியாக ஓட்டுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. ஏப்ரல் அந்தப் பகுதியில் சூறாவளிப் புயல்களின் பருவம். வானொலியில் வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பெயரைச் சொல்லித்தான் வரும். வெளியூர்க்காரர்களுக்கோ தாம் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்பதே தெரியாது. படூக்கா மக்ராக்கன் கவுண்டியிலும், டோனல்சன் கோட்டை இருக்கும் டோவர் டென்னசியின் ஸ்டூவர்ட் கவுண்டியிலும் உள்ளன. ஒவ்வொரு நாளும் கடக்கப்போகும் கவுண்டிகளின் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள்.

பட்டியலிலிருந்து ஓஹையோவை எடுத்துவிடலாம். கொட்டகைச் சுவரில் குவில்ட் வடிவத்தை வரையும் வழக்கம், 2001-இல் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் என்பவர் தம் தாயைச் சிறப்பிப்பதற்காகத் தொடங்கிவைத்தது என்பது உண்மைதான். ஆனால் அது கென்டக்கி முழுவதும் பரவிவிட்டதால், நீங்கள் தேடாமலேயே அவை கண்ணில் படும். அவற்றைப் படமெடுப்பதற்காக வளைவுகளில் காரை ஓரங்கட்டுவது மட்டும் வேண்டாம். அலபாமாவையும் இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

அடித்துணியின் பதில்:

கண்காட்சிக்கு இரண்டு முழு நாள்களை ஒதுக்குங்கள். மூன்றாவது நாள் கால்களும் கண்களும் ஒத்துழைக்காது. முதல் நாளில் எதையும் வாங்காமல் சுற்றிவருவது என்பது என் வழக்கம் (ஒருமுறைகூட அதை நான் முழுமையாகக் கடைப்பிடித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்). போட்டிக் குவில்ட்களைத் தொடக்கூடாது, ஆனால் வெள்ளைக் கையுறை அணிந்த தன்னார்வலர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். அவர்களிடம் கேட்டால் குவில்ட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். பரிசு பெற்ற ஒரு குவில்ட்டின் முன்பக்கத்தில் நட்சத்திரங்கள்தாம் கண்ணைப் பறித்தன. வெறும் வெள்ளைத் துணியாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான், நூலைத் தவிர வேறு எதுவும் இல்லாமலேயே இறகு வடிவங்கள் புடைத்து நிற்பது தெரிந்தது. அன்று நான் கற்றுக்கொண்டது முழுக்க அந்தப் பின்பக்கத்திலிருந்துதான்.

ஆற்றுக்கு அருகிலேயே தேசிய குவில்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. 1991-இல் திறக்கப்பட்ட அதைக் கண்காட்சி நடக்கும் நாளின் நண்பகலில் பார்க்கப் போனால் வரிசையில் நிற்பதிலேயே பொழுது போய்விடும். கண்காட்சிக்கு முந்தைய நாளோ, வாய்ப்பிருந்தால் முடிந்த பிறகோ போங்கள். அதன்பின் ஆற்றங்கரையிலுள்ள வெள்ளத்தடுப்புச் சுவரின் ஓரமாக நடந்து பாருங்கள். 1937-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்த பிறகு எழுப்பப்பட்ட அந்தச் சுவரில், நகரின் வரலாறு முழுவதையும் வரிசையாக ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமலேயே வரலாற்றைப் பார்த்து முடிக்க இதைவிட எளிய இடம் கிடையாது.

கைத்தையலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூடு பட்டால் மறையும் மையால் கோடு போட்ட துணியைக் காரில் வைத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். ஒரு போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, மூன்று இரவுகள் உட்கார்ந்து நான் வரைந்திருந்த கோடுகள் அனைத்தும் மறைந்து, துணி கடையில் வாங்கியதுபோல் வெறுமையாகக் கிடந்தது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் அந்த மை நிறமிழக்கும்; வெயிலில் நிறுத்திய காரின் முகப்புப் பலகை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். கடுங்குளிரில் வைத்தால் கோடு திரும்ப வரும் என்பதை நினைவுகூர்ந்து, துணியை ஓட்டல் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறைக்குள் திணித்து வைத்தேன். மறுநாள் காலையில் கோடுகள் மங்கலாகத் திரும்பியிருந்தன, கூடவே பல மாதங்களுக்கு முன் நான் தவறாகப் போட்டு அழித்திருந்த கோடுகளும்!

பழந்துணியின் பதில்:

மைல்கல் அவர்களின் அறிவுரைகளில் கடைசி ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குவில்ட்டையும் வரலாற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பார்த்தால் அலபாமா தொலைவாகத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும் ஊர் ஜீஸ் பெண்ட்தான்.

அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த அந்த ஊரிலிருந்து எதிர்க்கரையிலுள்ள கேம்டனுக்குப் போகப் படகுத்துறை ஒன்று இருந்தது. கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொள்ள முயன்ற காலத்தில், 1962-இல் அந்தப் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006-இல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளும் கண்ணெதிரே தெரியும் கரைக்குப் போக நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது. இன்று நீங்கள் காரோடு அந்தப் படகில் ஏறிச் சில நிமிடங்களில் ஆற்றைக் கடக்கும்போது, எந்தப் பலகையையும் படிக்காமலேயே அதன் பொருள் விளங்கிவிடும். ஆற்றின் நீர்மட்டத்தைப் பொறுத்துப் படகு நிற்பதுண்டு, ஆகவே கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வூர்ப் பெண்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு தைத்தவர்கள். மிசூரி பெட்வே என்பவர் கணவர் இறந்தபின் 1942-இல் அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். இப்படிப்பட்ட வேலை உடுப்புக் குவில்ட்களைப் பார்க்கும்போது, வெளிறிய நீலத் துணியின் நடுவே அடர்நீலச் சதுரம் ஒன்று தென்படுகிறதா என்று தேடுங்கள். பை இருந்த இடத்தில் வெயில் படாததால் நின்றுவிட்ட நிறம் அது. அது அருங்காட்சியகமல்ல, மக்கள் குடியிருக்கும் ஊர் என்பதால், படமெடுக்கும் முன் அனுமதி கேட்பது நல்லது.

பயணத்தில் எங்காவது ஒருவர், அடிமைகள் தப்பிச் செல்வதற்கான இரகசியக் குறிகளைக் குவில்ட்களில் தைத்துக் கொடியில் தொங்கவிட்டார்கள் என்று உருக்கமாகச் சொல்லக்கூடும். 1999-இல் வெளிவந்த ஒரு நூலுக்குப் பிறகு பரவலான அந்தக் கதைக்கு அக்காலத்து ஆவணச் சான்று எதுவும் இல்லை என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. சொல்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வழியும் நீங்கள் அஞ்சுமளவுக்குக் கோணலானதன்று. படூக்காவிலிருந்து ஏரிகளுக்கு இடைப்பட்ட காட்டுச் சாலையில் தெற்கே போனால் டோவர். உள்நாட்டுப் போரில், 1862 பிப்ரவரியில் தென்மாநிலத்தவரின் டோனல்சன் கோட்டை வடபடைத் தளபதி கிராண்டிடம் சரணடைந்தபின், அதே மாதத்திலேயே நாஷ்வில்லும் வீழ்ந்தது. நீங்களும் டோவரிலிருந்து நாஷ்வில்லுக்கே போகிறீர்கள், அங்கிருந்து நேர் தெற்காக மான்ட்கோமரி, பிறகு செல்மா. 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு ஊர்வலம் சென்றவர்கள் தாக்கப்பட்ட எட்மண்ட் பெட்டஸ் பாலத்தை நடந்தே கடந்துவிட்டுக் கேம்டனுக்கு வண்டியைத் திருப்பலாம்.

மைல்கல்லின் பதில்:

டோவர் வழியே போவதானால் என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படூக்காவிலிருந்து போய்த் திரும்பும் பயணமாகத்தான் நான் அலபாமாவைக் கணக்கிட்டிருந்தேன். அந்தக் காட்டுச் சாலையில் நுழைவதற்கு முன்பே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். டோவரையும் மான்ட்கோமரியையும் ஒரே நாளில் முடிக்க முயலாமல் நாஷ்வில்லில் ஓர் இரவு தங்குங்கள்.

நூற்கண்டு:

மூவருக்கும் நன்றி. ஓஹையோவை அடித்துவிட்டேன். ஹாட்ஜன்வில்லில் இரண்டு மணி நேரம், அன்றிரவே படூக்கா, மறுநாள் அருங்காட்சியகமும் வெள்ளச்சுவரும், அதன்பின் கண்காட்சிக்கு இரண்டு நாள், ஐந்தாம் நாள் டோவர் வழியாக நாஷ்வில் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டேன். ஆறாம் நாள் செல்மாவில் தங்கி, ஏழாம் நாள் படகு. ஊர் திரும்ப இரண்டு நாள் மிஞ்சுகிறது. மெட்ரோபொலிஸில் ஓர் அறை கிடைத்துவிட்டது, செல்மாவுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கைத்தையல் துணியில் இருந்த மைக்கோடுகள் அனைத்தையும் இன்று மதியம் டெய்லர் சாக்பீஸால் மறுபடியும் வரைந்து முடித்தேன்.