ஆறு மணி நேரம் ஸ்கோர் பார்த்த அக்கா

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் நெட்வொர்க் என் பொறுப்பு. தலைமை ஆபீஸ், கோத்தகிரிப் பக்கத்து ஃபேக்டரிகள் எல்லாம் ஒரே இணைப்பில்தான் ஓடுகின்றன. ஆபீஸில் யார் எவ்வளவு நேரம் பிரவுஸ் செய்தார்கள் என்ற ரிப்போர்ட்டை நம்பி ஊழியருக்கு மெமோ கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழன், வெள்ளி இங்கே தேயிலை ஏலம், எல்லாமே ஆன்லைன். அந்த நேரத்தில் நெட் இழுத்தால் மாடியிலிருந்து சத்தம் வரும். ஒரு வியாழக்கிழமை சத்தம் கொஞ்சம் ஓவராகப் போய்விட, ஹெச்.ஆர். மேனேஜர் ஸ்குவிட் ப்ராக்ஸியின் (ஆபீஸ் பிரவுசிங் எல்லாம் இதன் வழியாகத்தான் வெளியே போகும்) ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். ஸார்க் என்று ஒரு இலவச மென்பொருள் அதன் பதிவுகளைப் படித்துப் பெயர்வாரியாக நேரம் போட்டுக் கொடுத்துவிடும். அதில் முதல் பெயர் கொழுந்துக் கணக்கு பார்க்கும் அக்கா. கிரிக்கெட் ஸ்கோர் தளத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல்!

அக்கா நேராக என் டேபிளுக்கு வந்துவிட்டார். "தம்பி, காலைல டாஸ் யாருன்னு பாத்ததோட சரி, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கொழுந்து பில்லுதான் போட்டேன். வேணும்னா பில் நேரத்தப் பாருங்க." பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்.

விஷயம் என்னவென்றால், ஹெச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும்) தளத்தில் உள்ளே என்ன பார்க்கிறோம் என்பது ஸ்குவிடுக்குத் தெரியாது. இணைப்பு முடியும்போது தளத்தின் பெயர், எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருந்தது, எத்தனை பைட் போனது என்று லாகில், அதாவது பதிவேட்டில், ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். ஸ்கோர் பக்கம் பிரவுசரில் ஒரு ஓரமாகச் சும்மா திறந்து கிடந்தாலும் தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், அந்த நேரமெல்லாம் அக்கா கணக்கில் ஏறிவிடும். பைட்டைப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் ஒரு சின்ன வீடியோ அனுப்புகிற அளவுகூட வரவில்லை.

அப்படியென்றால் லைனைத் தின்றது யார்? ரிப்போர்ட்டின் அடியில் பெயரே இல்லாமல் வெறும் ஐபி எண்களாக (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கிடந்தவைதான். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அன்று அப்டேட் வெளியிடும், நமக்கு அப்போது இரவாகிவிடும், அதனால் நம் கம்ப்யூட்டர்கள் அதை இழுக்க ஆரம்பிப்பது புதன், வியாழனில்தான். இன்னொன்று ஃபேக்டரி கேமராக்கள், பகலெல்லாம் கிளவுடுக்கு வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தன. ஏறும் பக்கம் நிரம்பிவிட்டால் இறங்குவதும் திணறும், இது பலருக்குத் தெரிவதில்லை. கேமரா போடச் சொன்னது யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

ரூட்டரில் பகல் நேரத்துக்குக் கேமராவின் அப்லோடைக் குறுக்கினோம். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனை ஆன் செய்ததும் ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதைப் பக்கத்து கம்ப்யூட்டர்களும் வாங்கிக்கொண்டன. வீடியோ தளங்களைத் தடுக்கவில்லை, வேகத்துக்கு வரம்பு போடும் ஸ்குவிடின் டிலே பூலில் மெதுவாக்கியதோடு சரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதுவும் கிடையாது. லாக் வைக்கிறோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், அதற்கே கொஞ்சம் பலன் இருந்தது.

முழுசாகத் தடுப்பதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. 2016-ல் ஜியோ வந்த பிறகு எல்லார் கையிலும் டேட்டா. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். ஃபேஸ்புக்கைத் தடுத்த அன்றிலிருந்து அந்த ஜன்னலில் எப்போதும் நாலு பேர், ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி. சீட்டில் இருந்தபடி ஐந்து நிமிடம் பார்ப்பவர்கள் ஜன்னலுக்குப் போனால் கால் மணி நேரம் ஆகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் அவர்கள் எல்லாம் தங்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால் 4ஜி மோடத்தில்தான் ஏலம் ஓடும். அன்றைக்கு மட்டும் தாட்சண்யமே கிடையாது. ஏலம், மெயில் தவிர எல்லாவற்றையும் மூடிவிடுவேன், எம்.டி. அறை உட்பட. காரணம் தெரியும் என்பதால் யாரும் முணுமுணுப்பதில்லை.

ஹெச்.ஆருக்கு இப்போதும் மாதாமாதம் ரிப்போர்ட் போகிறது, நேரம் காட்டும் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். டிலே பூல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கொடுக்கும் எண் நொடிக்கு இத்தனை பைட் என்ற கணக்கு, பிட் இல்லை. 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 லட்சம் பிட்) வேண்டுமென்றால் எட்டால் வகுத்து 500000. அப்புறம் ஸ்குவிடின் நேர விதியில் கிழமையை ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்க வேண்டும்: செவ்வாய்க்குத்தான் 'T', வியாழனுக்கு 'H'.